வெசேர் பள்ளத்தாக்கு: அசல் குகைக்கு முதலில் சீட்டு எடுங்கள்

தென்மேற்குப் பிரான்ஸின் வெசேர் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் லாஸ்கோ என்ற பனியுக ஓவியக் குகையின் பெயருக்காகவே போகிறார்கள். அது இருக்கும் மோந்தினியாக்கில் அரை நாள், சார்லாவில் ஓர் இரவு, மறுநாள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். லாஸ்கோவில் அவர்கள் பார்ப்பது நகல். மூலக் குகை 1963 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நகலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அபாரமான வேலை அது. வருத்தம் வேறு. அதே ஆற்றங்கரையோடு 25 கிலோமீட்டர் கீழே இறங்கினால், பனியுகத்து மனிதர்கள் தங்கள் கையால் தீட்டிய அசல் ஓவியங்களைக் கையெட்டும் தூரத்தில் நின்று இன்றும் பார்க்கலாம். அதற்கு வேண்டியது முன்கூட்டி எடுத்த ஒரு சீட்டு. அது இல்லாமல் குகை வாசல் வரை வந்து ஏமாந்து திரும்புகிறவர்களைக் கோடைகாலத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடலாம். வெசேர் ஆறு மில்வாஷ் பீடபூமியில் பிறந்து, சுமார் 211 கிலோமீட்டர் ஓடி, லிமோய் என்ற ஊரில் தொர்தோஞ் ஆற்றோடு கலக்கிறது. நமக்கு வேண்டியது அதன் கடைசிப் பகுதி மட்டும்: மோந்தினியாக்கில் தொடங்கி, சேன் லெயோன், லெ மூஸ்தியே, தூர்சாக், லெஸ் எய்ஸி, லெ பூக் வழியாக லிமோய் வரை. ஆற்றின் இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். பாறையின் மென்மையான அடுக்குகளில் நீர் புகுந்து, உறைந்து, உருகி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோக, கெட்டியான அடுக்கு மேலே தாழ்வாரம்போல் நீண்டு நிற்கிறது. இதை உள்ளூரில் 'அப்ரி' என்கிறார்கள். ஒதுங்குமிடம் என்று பொருள். மேலே மழைக்கு மறைப்பு, கீழே ஆறு, கரையில் தீக்கல், ஆற்றைக் கடக்க வரும் ரெயின்டீர் எனப்படும் பனிமான் கூட்டம். மனிதர்கள் இங்கே இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்ததற்குக் காரணம் இதுதான். 1979ல் இந்தப் பள்ளத்தாக்கின் 15 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது.

இனி சீட்டு. பயணத் தேதி முடிவானதும், விடுதிக்கும் வாடகைக் காருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது லெஸ் எய்ஸியில் உள்ள ஃபோன்-த-கோம் குகையின் நேரச் சீட்டு. பல வண்ணப் பனியுக ஓவியங்களை அசலாகப் பொதுமக்களுக்குக் காட்டும் குகை பிரான்ஸில் இது ஒன்றுதான். ஒரு சுற்றுக்கு ஒரு டஜன் பேர். நாள் முழுவதும் சேர்த்தாலும் நூறு பேருக்குக் குறைவு. அதே சாலையில் சற்றுத் தள்ளி இருக்கும் கோம்பரெல் குகையில் ஒரு சுற்றுக்கு ஆறேழு பேரைத்தான் விடுவார்கள். இரண்டையும் காப் பிளாங் சிற்பத்தையும் பிரான்ஸ் அரசின் தேசிய நினைவுச் சின்ன மையமே நடத்துகிறது, ஆகவே மூன்றுக்கும் ஒரே இணையதளத்தில் தேடலாம். சீட்டு விற்கும் முறை அவ்வப்போது மாறும். ஒரு காலத்தில் காலையில் வாசலில் வரிசை கட்டி நின்றவர்களுக்கு மட்டும் அன்றைய சீட்டைக் கொடுத்தார்கள். விடியும் முன்பே வந்து காத்திருந்தவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றை நம்பாமல் நீங்கள் போகும் ஆண்டின் விதியை மையத்தின் தளத்திலேயே பாருங்கள்.

ஆங்கிலத்தில் விளக்கம் தரும் சுற்றுகள் குறைவு. அவை நிரம்பிவிட்டால் பிரெஞ்சுச் சுற்றில் இடம் கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள். வழிகாட்டி டார்ச்சால் கோட்டைத் தொடர்ந்து காட்டும்போது மொழி புரியாவிட்டாலும் கண்ணுக்குப் புரியும். இந்தக் குகைகளுக்கு வழக்கமாகச் சனிக்கிழமை விடுமுறை. லெஸ் எய்ஸியின் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இந்த இரண்டு நாளையும் லாஸ்கோவுக்கோ ஆற்றுக்கோ ஒதுக்கினால் ஒன்றும் வீணாகாது. குகைச் சீட்டு கிடைத்த நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குங்கள். மாற்றிச் செய்தால் குகை கிடைக்காது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பதற்கு லாஸ்கோவே பதில். 1940 செப்டம்பர் 12 அன்று மார்செல் ரவிதா என்ற இளைஞரும் மூன்று நண்பர்களும் அந்தக் குகைக்குள் இறங்கினார்கள். 1948ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. வாசலை அகலமாக்கினார்கள், தரையைத் தாழ்த்தினார்கள், விளக்கு போட்டார்கள். பிறகு நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வர ஆரம்பித்தார்கள். மனித மூச்சில் கரியமில வாயுவும் ஈரமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து பாறையில் படியும்போது மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்தது வேறோரிடத்தில் வெள்ளைப் படலமாகத் திரும்பப் படியும். உடல் சூடு காற்றோட்டத்தை மாற்றும். விளக்கொளியில் பச்சைப் பாசி வளரும். பச்சை நோய், வெள்ளை நோய் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடினார். மூடிய பின்னும் தொல்லை ஓயவில்லை. 2001ல் பூஞ்சை பரவி, அதை அடக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். 17,000 ஆண்டுகளுக்கும் மேல் கெடாமல் இருந்தது, மனிதர் நுழைந்த 15 ஆண்டுகளில் கெட்டுப்போனது. ஃபோன்-த-கோமில் பையை வெளியே வைக்கச் சொல்வதும், சுவரில் உரசாமல் நடக்கச் சொல்வதும், படம் எடுக்க விடாததும் இதனால்தான். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் நாம் விடும் மூச்சுக்கும் அங்கே கணக்கு இருக்கிறது.

போய்ச் சேரும் வழி. பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவ் வரை நேரடி ரயில், நாலரை மணி நேரம்போல் ஆகும். பிரீவில் வாடகைக் கார் எடுத்தால் மோந்தினியாக் 40 கிலோமீட்டருக்குள். பாரிஸிலிருந்தே காரில் வருகிறவர்களுக்கு ஏ20 நெடுஞ்சாலையில் வியர்சோனிலிருந்து பிரீவ் வரை சுங்கம் கிடையாது. கார் ஓட்டாதவர்கள் லெஸ் எய்ஸியில் தங்குங்கள். பெரிகேவிலிருந்து வரும் உள்ளூர் ரயில் அங்கே நிற்கும்; ஆனால் நாளுக்குச் சில ரயில்கள்தான், ஞாயிறன்று இன்னும் குறைவு. நிலையத்திலிருந்து அருங்காட்சியகம், குரோ-மாஞோன் பாறை ஒதுங்குமிடம், ஃபோன்-த-கோம் எல்லாம் நடக்கும் தூரம். கோம்பரெல் இன்னும் சுமார் 2 கிலோமீட்டர். மோந்தினியாக்குக்கு ரயிலே கிடையாது, லாஸ்கோவுக்கு டாக்சி பேசித்தான் போக வேண்டும்.

ஊர்ப் பெயரில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். சேன் லெயோன் என்று மட்டும் தட்டினால் வரைபடம் அதே மாவட்டத்தில் ஈல் ஆற்றங்கரையில் உள்ள சேன் லெயோனைக் காட்டக்கூடும். 'சுர் வெசேர்' என்பதைச் சேர்த்தே தட்டுங்கள். லாஸ்கோ என்று தட்டினாலும் இதே சிக்கல். மலையடிவாரத்தில் 2016 டிசம்பரில் திறந்த பெரிய மையம் லாஸ்கோ 4. மேலே காட்டுக்குள் இருக்கும் 1983ன் பழைய நகல் லாஸ்கோ 2. உங்கள் சீட்டில் எந்த எண் என்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள். பக்கப் பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் மங்கிவிடும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

காருக்கு மூன்று விஷயம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிப் போங்கள், வாடகை நிறுவனங்கள் கேட்கும். கிராமத்துக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அது டிராக்டர் வரும் சின்னச் சந்தாக இருந்தாலும் சட்டம் அதன் பக்கம். மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. வேறு பலகை இல்லாத ஊர்ப்புறச் சாலையில் 80, ஊருக்குள் 50. ஆளில்லாத பெட்ரோல் பம்பு அட்டையில் ஒரு பெரிய தொகையை முதலில் நிறுத்திவைத்து, பிறகுதான் சரியான தொகையைக் கழிக்கும். ஆகவே இருப்பு குறைவான அட்டையை ஞாயிற்றுக்கிழமை பம்பில் நீட்டினால் எரிபொருள் வராது. 'கசோல்' என்றால் டீசல், 'இ10' என்றால் பெட்ரோல்.

முதல் நாள் காலையை லெஸ் எய்ஸி அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். குகைக்கு முன்னால் இதைப் பார்ப்பதற்கும் பின்னால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். தீக்கல்லை உடைத்து, செதுக்கி, ஊசி முனை வரை கொண்டுபோன வரிசை அங்கே கண்ணெதிரே இருக்கும். சுவரில் கீறிய கருவி இதுதான், சாயத்தை அரைத்தது இந்தக் கல்தான், கொழுப்பு ஊற்றி எரித்த கல் விளக்கு இந்த அளவுதான் என்று பார்த்துவிட்டுப் போனால் குகைக்குள் கண் வேறு மாதிரி வேலை செய்யும். வெளியே பாறைத் திண்ணையில் நிற்கும் ஆதிமனிதன் சிலை 1931ல் போல் தார்தே செய்தது. அது அந்தக் காலத்துக் கற்பனை. குனிந்த முதுகும் தொங்கிய கையுமாக நிற்கும் அந்த உருவத்துக்கும் உள்ளே இருக்கும் ஊசிக்கும் பொருத்தமே இல்லை. ஊரின் மறுபக்கம் பாறையடியில் 1868ல் ரயில் பாதை வேலையின்போது கிடைத்த எலும்புக்கூடுகளிலிருந்துதான் குரோ-மாஞோன் மனிதன் என்ற பெயரே வந்தது.

ஃபோன்-த-கோம் வாசலுக்குச் சீட்டு மையத்திலிருந்து சரிவில் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும். நேரத்துக்கு ஓடி வந்து மூச்சிரைக்க நுழைவதைவிட அரை மணி முன்னதாக வந்து மெல்ல ஏறுங்கள். வெளியே ஆகஸ்டில் 35 டிகிரி இருந்தாலும் உள்ளே 13 டிகிரிதான். முழுக்கைச் சட்டை கட்டாயம். பாதை குறுகலானது, சில இடத்தில் ஒருக்களித்துத்தான் போக முடியும். அடைத்த இடம் பயம் உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியாது. சுவரில் பழுப்புக் கறை, அவ்வளவுதான். வழிகாட்டி டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்ப்பார். பாறையின் வீக்கம் ஒன்று பைசன் எருதின் திமிலாகும். அதன் கீழே பள்ளம் வயிறாகும். சிவப்பும் கறுப்பும் குழைந்த உடல், அதற்கு மேல் கூரான கருவியால் கீறிய கொம்பும் கண்ணும். ஒரு குதிரைக்குப் பின்கால் வரையப்படவே இல்லை. சுண்ணாம்பு வடிந்து உண்டான தூண் ஒன்று அங்கே இருக்கிறது, அதையே காலாக எடுத்துக்கொண்டிருக்கிறார் வரைந்தவர். அதைவிட மனதைப் பிடிப்பது இரண்டு பனிமான்கள். சிவப்புப் பெண் மான் முழங்காலிட்டிருக்கிறது, கறுப்பு ஆண் மான் குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது. ஒளி சாயும்போது கீறல் கோட்டில் வளைந்த கொம்பு மட்டும் எழுந்து வரும், பிறகு மறுபடி மறையும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழுவில் ஒருவரும் பேசுவதில்லை. பள்ளத்தாக்கைத் தேடி வந்ததற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

இந்தக் குகையின் ஓவியங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1901 செப்டம்பர் 12. லாஸ்கோவும் அதே செப்டம்பர் 12 தான், 39 ஆண்டு கழித்து.

கோம்பரெல் முற்றிலும் வேறு அனுபவம். வண்ணம் மிகக் குறைவு, ஏறக்குறைய எல்லாமே கீறல். சுமார் 240 மீட்டர் நீளமுள்ள ஒற்றைச் சந்து. 600க்கும் மேற்பட்ட உருவங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கோடுகள் பின்னிக் கிடப்பதால் தனியே நின்றால் எதுவும் பிடிபடாது. வழிகாட்டி சொல்லும் ஒரே ஒரு கோட்டில் கண்ணை வையுங்கள்: முதலில் முதுகு, அதிலிருந்து கழுத்து, பிறகு காது. முழு விலங்கையும் ஒரேயடியாகத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். தலை தாழ்த்தித் தண்ணீர் குடிப்பதுபோல் நிற்கும் பனிமானை இப்படித்தான் பிடிக்க வேண்டும். ஃபோன்-த-கோமையும் இதையும் ஒரே நாளில் பார்க்க முடியும். ஆனால் இடையில் இரண்டு மணி நேரமாவது வெளியே வெளிச்சத்தில் இருங்கள், கண்ணுக்கு ஓய்வு வேண்டும்.

முன்பதிவு எதுவும் கிடைக்காமல் வந்துவிட்டவர்களுக்கும் முட்டிவலி உள்ளவர்களுக்கும் ரூஃபிஞ்யாக் குகை இருக்கிறது. லெஸ் எய்ஸியிலிருந்து காரில் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே மலைக்குள் சுமார் ஒரு கிலோமீட்டர் போகலாம். அன்றைய சீட்டை அன்றே வாசலில் வாங்குவதுதான் இங்கே வழக்கம். கோடையில் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், பதினொரு மணிக்குப் போனால் மாலைச் சுற்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

போகும் வழியில் தரையில் பெரிய கிண்ணம்போல் குழிகள் தெரியும். ஓவியக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பு குகைக் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குத் தோண்டியவை அவை. சுவரில் நகக் கீறல்களும் உண்டு. கடைசியில் ரயில் நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் கூரை முழுக்க மாமத் யானைகள், குதிரைகள், வரையாடுகள். இப்போது நாம் நிற்கும் தரை பிற்காலத்தில் தோண்டித் தாழ்த்தியது. அன்று தரைக்கும் கூரைக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர்தான் இடைவெளி. படுத்துக்கொண்டு, கைக்கெட்டிய அளவை மட்டும் பார்த்தபடி, முழு விலங்கையும் ஒருபோதும் பார்க்க முடியாத நிலையில் வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் உடலின் அளவு பிசகவில்லை. கூரையில் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிய பெயர்களும் ஆண்டுகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பழைய காலத்து உல்லாசப் பயணிகளின் வேலை அது. மாமத் முகத்தின் மேலேயே பெயர் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ரூஃபிஞ்யாக் கிராமத்தை 1944 மார்ச் 31 அன்று ஜெர்மானியப் படை கொளுத்தியது, தப்பியது தேவாலயம். திரும்பும் வழியில் அங்கே வண்டியை நிறுத்துங்கள்.

காப் பிளாங்கை விடக் கூடாது. பாறைச் சுவரில் சுமார் 13 மீட்டர் நீளத்துக்குக் குதிரைகள், ஆழமாகச் செதுக்கிய புடைப்புச் சிற்பம், ஏறக்குறைய 15,000 ஆண்டுப் பழசு. 1909ல் கண்டுபிடித்தபோது தோண்டியவர்கள் பின்னால் சிற்பம் இருப்பது தெரியாமல் கடப்பாரை போட்டிருக்கிறார்கள். அந்தக் காயங்கள் இன்னும் தெரிகின்றன. ஒளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்திக் காட்டுவார்கள், அப்போது குதிரையின் வயிறு மூச்சு விடுவதுபோல் இருக்கும். எதிர்ப்புறம் பெய்ன் ஓடைக்கு அந்தப் பக்கம் கொமார்க் கோட்டையின் இடிபாடு. கார் நிறுத்தத்திலிருந்து காட்டு வழியே பத்து நிமிடத்துக்கு மேல் இறங்கி நடக்க வேண்டும், திரும்பி வரும்போது அதே ஏற்றம். தண்ணீர் கையில் இருக்கட்டும். கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் சதுப்பு நிலமும் காடும் விரிந்து கிடக்கும்.

மீன் ஒதுங்குமிடம் என்று ஒன்று உண்டு, முன்பதிவுக்கு மட்டும் திறப்பார்கள். கூரையில் ஒரு மீட்டர் நீளச் சால்மன் மீன். அதைச் சுற்றி வரிசையாகத் துளைகள். 1912ல் பாறையோடு வெட்டியெடுத்து விற்க முயன்றதன் அடையாளம் அது. அரசு தலையிட்டுத் தடுத்தது.

அசலை இரண்டு மூன்று பார்த்த பிறகு லாஸ்கோ 4க்குப் போங்கள். இந்த வரிசையில் போனால் நகலின் அருமை கூடும், ஏனென்றால் மற்ற குகைகளில் மங்கலாகப் பார்த்தது அங்கே முழு வண்ணத்தில், முழு அளவில் நிற்கும். எருதுகளின் மண்டபத்தில் மிகப் பெரிய எருது 5 மீட்டரைத் தாண்டும். கறுப்பு நிறம் மாங்கனீசு, சிவப்பும் மஞ்சளும் இரும்புக் காவி. ஓவியத்தில் கரி இல்லாததால் வண்ணத்தை நேரடியாகக் காலக்கணிப்பு செய்ய முடியவில்லை. வழிகாட்டியோடு சுற்றியபின் விரிந்த கூடத்தில் நகலின் பகுதிகளைத் தனித்தனியே தொங்கவிட்டிருப்பார்கள். பலர் இதை அவசரமாகக் கடந்துபோகிறார்கள். ஒரு மணி நேரமாவது அங்கே இருங்கள். காட்டுக்குள் இருக்கும் லாஸ்கோ 2, ஓவியர் மோனிக் பெய்த்ரால் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தீட்டியது. கூட்டம் குறைவு, குகையின் நெருக்கமும் இருட்டும் அங்கே அதிகம். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு 4, மற்றவர்களுக்கு 2 என்று துணிந்து சொல்லலாம்.

குகைகளை விட்டு வெளியே பார்க்க வேண்டியது லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்ற பாறைச் சுவர். ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம், ஐந்து அடுக்குத் திண்ணைகள். இடைக்காலத்தில் ஓர் ஊரே இந்தப் பாறையில் தொங்கிக்கொண்டு வாழ்ந்தது. மதப் போர்களின்போது 1588ல் இடிக்கப்பட்டது. வீடுகள் இன்று இல்லை, ஆனால் பாறையைப் படிக்கத் தெரிந்தால் வீடு தெரியும். ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால் அங்கே தரைக்கு உத்திரம் சொருகியிருக்கிறார்கள். அதற்கு மேலே சாய்ந்து ஓடும் கோடு கூரை பாறையில் முட்டிய இடம், மழைநீரைத் திருப்பிவிட வெட்டிய வாய்க்கால். பாறையிலேயே குடைந்த வளையங்கள் மாடு கட்டவும் விளக்குத் தொங்கவிடவும். கதவுக்கு இருபுறமும் தாழ்ப்பாள் கட்டை நுழைந்த துளை. இந்த நான்கையும் அடையாளம் பிடித்துவிட்டால் வெற்றுப் பாறையில் சமையல் அறை, தொழுவம், தெரு எல்லாம் தானாக எழும்; பிறகு ஆற்றோரம் எந்தப் பாறையைப் பார்த்தாலும் குழிகளைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். மதிய வெயிலை வெள்ளைப் பாறை திருப்பி அடிக்கும். காலையில் போவது உத்தமம். படிகள் தேய்ந்து வழுக்கும், மழை நாளில் ரப்பர் அடி உள்ள செருப்பு வேண்டும்.

அதே பாறையை ஆற்றிலிருந்தும் பார்க்க வேண்டும். படகு வாடகைக்காரர்கள் உங்களை வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவார்கள். நீங்கள் ஓட்டத்தோடு இறங்கி அவர்கள் இடத்துக்கே வந்து சேருவீர்கள். ஆகவே காரை எங்கே நிறுத்துகிறோமோ அங்கேதான் பயணம் முடியும் என்பதை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சேன் லெயோனிலிருந்து லெஸ் எய்ஸி வரையிலான பகுதி மிக நல்லது: லா ரோக், லா மதலேன் இரண்டும் வழியில் வரும். மெதுவாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4 கிலோமீட்டர்போல் போகலாம், நின்று பார்க்கவும் சாப்பிடவும் சேர்த்து முக்கால் நாள் ஆகும். நீச்சல் தெரியாதவர்கள் ஏறக் கூடாது, மிதவைச் சட்டை எல்லோருக்கும் உண்டு. நீர் புகாத பீப்பாய் கொடுப்பார்கள். செல்போனும் கார் சாவியும் அதற்குள். மூடியின் பூட்டு வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று தட்டிப் பார்க்காமல் ஏறி, கவிழ்ந்து, சாவி நனைந்து ரிமோட் வேலை செய்யாமல் கரையில் நிற்பது இங்கே வழக்கமான விபத்து. வார் இல்லாத செருப்பும் ஆற்றோடு போய்விடும். பெருமழைக்குப் பிறகு ஆறு கலங்கி வேகம் பிடித்தால் படகு விட மாட்டார்கள், அன்று வாதாடிப் பயனில்லை.

லா மதலேன் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பெரிய வளையமிட்டுத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. 1864ல் இங்கே மாமத் தந்தத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன்மேல் மாமத்தின் உருவமே கீறப்பட்டிருந்தது. மனிதனும் மாமத்தும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா என்ற வாதத்துக்கு அந்தத் துண்டு பதில் சொல்லிவிட்டது. பனியுகத்தின் கடைசிக் கட்டத்து மனிதர்களின் வாழ்க்கையை மக்தலேனியப் பண்பாடு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்தப் பெயர் இந்தச் சிறிய பாறையடியிலிருந்து வந்தது.

நடக்கிறவர்களுக்கு மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுப்பாதை, வெள்ளையும் சிவப்பும் நெடும்பாதை. இரண்டு இணைகோடு என்றால் வழி சரி. பெருக்கல் குறி என்றால் தவறு, முந்தைய சந்திப்புக்குத் திரும்புங்கள். ஓக் மரக் காட்டில் உண்ணிகள் அதிகம். நீளக் காற்சட்டை போட்டு, மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். 'ஷாஸ்' என்ற பலகை தெரிந்தால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள், மற்ற நாளிலும் பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர்தான் வருவதற்குச் சரியான மாதங்கள்.

சாப்பாட்டு நேரம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ஒன்றரைக்குப் பிறகு போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள், சின்ன இடங்களின் சீட்டு அறையும் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். இது வாத்து ஊர். சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. உருளைக்கிழங்கையே வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள், சார்லா பாணி உருளைக்கிழங்கு என்றால் அதுதான். பூண்டு சூப்பிலும் அதே கொழுப்பு. பெரிகோர் சாலட்டில் வாத்தின் ஈரல், கற்குடல் இருக்கும். 'சான் வியாந்த், சான் கிரேஸ் த கனார்' என்று சொல்லுங்கள்: இறைச்சியில்லாமல், வாத்துக் கொழுப்பில்லாமல். அதற்கும் முன்னால் 'போன்ஜூர்' சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் முகம் திருப்பிக்கொள்வார்கள். சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும், அதில் பன்றித் துண்டு போடாமல் கேட்டு வாங்குங்கள். எளிய வழி சந்தைதான்: லெ பூக்கில் செவ்வாய், மோந்தினியாக்கிலும் சார்லாவிலும் புதன். ரொட்டி, வால்நட், ஸ்ட்ராபெரி, கபெக்கு என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் கட்டி. இவை போதும், ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சந்தை நாளில் ஊர் நடுவில் வண்டி நிறுத்த முடியாது. நீலக் கோடிட்ட இடங்களில் வந்த நேரத்தைக் காட்டும் அட்டைச் சக்கரத்தைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், புகையிலைக் கடையில் கிடைக்கும்.

சேன் லெயோனில் ஆற்றை ஒட்டி நிற்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். ஓடு அல்ல, 'லோஸ்' என்ற சுண்ணாம்புக் கல் பலகைகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி, வெளிப்பக்கம் சற்றே சரித்து, ஆணியே இல்லாமல் தம் எடையாலேயே நிற்கின்றன. ஒரு சதுர மீட்டர் அரை டன்னைத் தொடும். கீழே ஓக் மரச் சட்டம் அந்தப் பாரத்தை நூற்றாண்டுகளாகத் தாங்குகிறது. இதைப் பார்த்துப் பழகியபின் சேன் அமான் த கோலியின் கோட்டை போன்ற தேவாலயத்துக்குப் போனால் அந்தக் கூரையின் பிரம்மாண்டம் உறைக்கும்.

கடைசி மாலையை லிமோய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கீழே ஆற்றோரம் நிறுத்திவிட்டு வெயில் தணிந்தபின் கல் பாவிய செங்குத்துத் தெருவில் ஏறுங்கள். மேலிருந்து இரண்டு ஆறுகளும், அவற்றின்மேல் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கும் இரண்டு பாலங்களும் தெரியும். ஒரு காலத்தில் தட்டை அடிப் படகுகள் மரமும் திராட்சை மதுவும் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து பெர்ஜெராக்குக்கும் போர்தோவுக்கும் போயின. இறங்கி வந்ததும் பழைய துறைமுகத்தை ஒட்டிய சுவரைப் பாருங்கள்: வெள்ளம் ஏறிய மட்டத்தை ஆண்டோடு குறித்து வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் முழங்கால் அளவு நீரில் படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.